இரவல் தூக்குவாளி

வேகாத வெயிலில் ஒரு மனுஷன் கேரம் போர்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும், அதிலும் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துச் சுமைகாரர்கள் கொட்டகை என்றால் கேட்கவே வேண்டாம், வாசலில் ஆளைக் கண்டதும் ஒரு பட்டப்பெயர் வைத்து அவன் உட்காருவதற்குள் அதை மாற்றி இன்னொன்று வைத்துவிடுவார்கள். இன்றைக்கு ஒன்பது பேர் இருந்தும் ஒருத்தர் பல்லும் தெரியவில்லை. பூவலிங்கம் போர்டைச் சுவரில் சாய்த்தார், மடியிலிருந்து காய்ப் பையை எடுத்து ஜன்னல் மேட்டில் வைத்தார், பத்தொன்பது காயும் சரியாக இருக்கிறது, ஸ்ட்ரைக்கரும் இருக்கிறது, ரொம்ப உபகாரம் என்றார். யாரும் கை நீட்டி வாங்கவில்லை. ராயப்பன் மட்டும் போர்டையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெற்றிலை துப்பப் போகிறவர்போல எழுந்து வெளியே போனார், வெற்றிலை போடுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. மற்றவர்கள் சாக்கு ஊசியைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். என்ன தப்புச் செய்தோம் என்று பூவலிங்கத்துக்குப் புரியவில்லை, போர்டில் கீறல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து ஒருதரம் தடவிக்கூடப் பார்த்தார், இல்லை, பவுடர் போட்டுத் துடைத்து வழவழவென்றுதான் இருந்தது. மணி பன்னிரண்டே முக்கால். மூன்று மணிக்குக் கப்பலுக்குக் கடைசி லாஞ்சு, ஐந்து மணிக்கு நங்கூரம் தூக்குகிறார்கள். பதினான்கு மாதம் அசையாமல் கிடந்த கப்பல் கிளம்புகிறது, சந்தோஷப்பட வேண்டிய நாள்தான், ஆனால் காலையிலிருந்து கால் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. அவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார், கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது, கண்ணில் நீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கப்பலுக்கு முன்பக்கம் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர் உண்டு, துறைமுகத்தில் ஒருத்தரும் அதைச் சொன்னதில்லை, கோர்ட்டுக் கப்பல் என்றால் போதும். கோதுமை நனைந்துபோனதற்கு யார் பொறுப்பு என்று யாரோ யார் மேலேயோ வழக்குப் போட, வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிறுத்தி வைத்துவிட்டார்கள், நனைந்தது கோதுமை, காய்ந்தது உள்ளே இருந்த பதினோரு பேர். பூவலிங்கம் அதில் பண்டாரி, அதாவது சமையல்காரர். கமுதிப் பக்கம் கருவேலங்காட்டு ஆள், ஐம்பத்திரண்டு வயசு, கப்பலில் இருபத்தாறு வருஷம் கரண்டி பிடித்தவர், எந்த ஊர்த் துறைமுகமும் அவருக்குக் காய்கறி வாங்குகிற இடம் மட்டும்தான். இங்கே அப்படி முடியவில்லை. மூன்றாம் மாதம் கப்பலில் சாமான் தீர்ந்தது, ஒரு டீ குடிக்கலாம் என்று லாஞ்சில் கரைக்கு வந்து துறைமுக வாசல் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார். கடைக்காரி கித்தேரி, ஐம்பதை நெருங்குகிறவள், வேற்று ஆள் என்று பார்த்ததும் கப்பலில் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டாள். சோறு என்றார். சோத்துக்கு என்ன என்றாள். சோறுதான் என்றார். அவள் ஆணியில் தொங்கிய பித்தளைத் தூக்குவாளியை எடுத்துச் சாளைமீன் குழம்பை விளிம்புவரை ஊற்றி, மூடியை அழுத்தி, கையில் கொடுத்துவிட்டாள். சமைத்துப் போட்டே தேய்ந்த கைக்கு ஒருத்தி சமைத்துக் கொடுத்தது அதுதான் பல வருஷத்தில் முதல்முறை, லாஞ்சில் போகும்போது மூடி வழியாக வந்த வாசத்தில் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து அந்தத் தூக்குவாளி போவதும் வருவதுமாக இருந்தது, அப்புறம் மற்றவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள், ஐஸ் பாக்டரிக் கிளார்க் சம்மனசு பாட்டுக் கேட்க ரேடியோ கொடுத்தார், சுமைகாரர்கள் கேரம் போர்டு கொடுத்தார்கள், லாஞ்சு ஓட்டுகிற பெர்க்மான்ஸ் மழைக்கோட்டு கொடுத்தார், எல்லாம் இரவல். கிளம்புகிற அன்று பிறத்தியார் பொருள் ஒன்றுகூடக் கையில் இருக்கக்கூடாது, இது பூவலிங்கத்தின் சட்டம். ராத்திரியே எல்லாவற்றையும் துடைத்துக் கழுவி, தூக்குவாளியைப் புளிபோட்டுத் தேய்த்து, பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அவருடைய அம்மா சொல்லி வளர்த்தபடி அதில் பயணத்துக்குக் கப்பலில் புதிதாக ஏற்றிய உலர்திராட்சையைக் கழுத்துவரை நிரப்பி, பத்து மணி லாஞ்சில் கரைக்கு வந்துவிட்டார். முதலில் கித்தேரி கடை. அவள் இல்லை, மாதா கோயிலுக்குப் போயிருப்பாள்போல, அடுப்பு மட்டும் புகைந்துகொண்டிருந்தது. தூக்குவாளியைப் பலகைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். வைத்தபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது, அந்தப் பாரம் இறங்கியது எதனால் என்று அப்போது யோசிக்கவில்லை, இப்போது யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஏனென்றால் பத்து நாளைக்கு முன்னால் கித்தேரி ஒரு கேள்வி கேட்டிருந்தாள். கப்பலை விட்டுவிட்டார்கள் என்று சேதி வந்த அன்று, தோசைக்கல்லில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, இவரைப் பார்க்காமல், மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சிட்டகாங் போய்ச் சேந்ததும் எல்லாரையும் இறக்கி விட்டிருவாகன்னு சொல்லுதாவளே. பெறகு என்ன செய்யப் போறிய? இங்கன கடைல ஒரு ஆளுக்கு வேலை இருக்கு." வேலை என்றுதான் சொன்னாள். ஆனால் கடையில் ஒரு ஆளுக்கு வேலை இருந்தால் துறைமுகத்தில் ஆளா இல்லை, நூறு பேர் நிற்கிறார்கள். அதுவும் தவிர ஆரம்பத்தில் எல்லோரையும்போல அவளும் அண்ணாச்சி, அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டாள், ஏழாம் மாதமோ எட்டாம் மாதமோ அது நின்றுபோயிற்று, அதற்குப் பதிலாக எதுவும் வரவில்லை, கூப்பிட வேண்டியிருந்தால் இங்க பாருங்க என்பாள், கரண்டியால் சட்டியில் ஒரு தட்டுத் தட்டுவாள், இவர் திரும்புவார். அண்ணாச்சி போன இடம் காலியாகவே இருந்தது, இருவருக்கும் அது தெரிந்தேயிருந்தது. அவள் கேட்ட அன்று பூவலிங்கம் என்ன சொன்னார் என்றால், போகிற அன்று சொல்கிறேன் என்றார், பிடித்து வைத்த பிள்ளையார்போல அசையாமல் உட்கார்ந்து அதை மட்டும் சொன்னார். போகிற அன்று இன்றைக்குத்தான். பத்து நாளாக யோசித்தும் பதில் வரவில்லை. வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை, வரமாட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் நிற்க முடியும், கால் கடுக்காதா. இரண்டு மணி வாக்கில் கடைக்குப் போவோம், முகத்தைப் பார்த்தால் தானாக ஏதாவது வாயில் வரும் என்று நினைத்துக்கொண்டு அவர் மழைக்கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு லாஞ்சுத் துறைக்கு நடந்தார்.

பெர்க்மான்ஸ் லாஞ்சுக்குள் உட்கார்ந்து இஞ்சின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். மழைக்கோட்டை நீட்டியதும், பாம்பை நீட்டினாற்போலக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பூவலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது, வந்துதான் விட்டது, காலையிலிருந்து பார்க்கிறேன், சம்மனசு ரேடியோவை வாங்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், கொட்டகையில் ஒருத்தரும் பேசவில்லை, பதினோரு மாசம் பழகிவிட்டு வழியனுப்புகிற லட்சணமா இது என்று கேட்டார். பெர்க்மான்ஸ் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார், கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். "அண்ணாச்சி, உங்க ஊர்ல எப்படின்னு தெரியாது. இங்க கடலுக்குப் போறவன் இரவலத் திருப்பித் தரமாட்டான். கையில வச்சிக்கிட்டே போவான். இரவல் கையில இருந்தா கடல் அவனத் திருப்பி விட்டிரும், குடுக்க வேண்டியது இருக்குல்லா. எல்லாத்தையும் குடுத்துத் தீத்துட்டுப் போறவன் வரமாட்டான், இல்ல வர இஷ்டமில்லன்னு அர்த்தம்." சொல்லிவிட்டு லாஞ்சின் அடிப்பலகையைப் பார்த்தார், பிறகு மெதுவாக, கித்தேரி அக்கா தூக்குவாளி எங்கே என்று கேட்டார். பூவலிங்கம் துறைமுக வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெர்க்மான்ஸ் புரிந்துகொண்டார். கித்தேரியின் புருஷன் ரெமீஜியுஸ் மாலத்தீவுக்குப் போன தோணியில் ஏறிய அன்று காலையில் பக்கத்து வீட்டு டார்ச் லைட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான், கொடுக்காதிய என்று அந்த அக்கா வாசல்வரை ஓடிவந்தது, இவன் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டான், இருபத்தொரு வருஷம் ஆகிறது, தோணியில் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை என்று பெர்க்மான்ஸ் சொன்னது காதில் விழுந்தது, ஆனால் பாதிக்கு மேல் பூவலிங்கம் அங்கே இல்லை, உடம்புதான் நின்றது, ஆள் துறைமுக வாசல் கடைப் பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தார், அங்கே தேய்த்துத் தேய்த்து மின்னிய தூக்குவாளி உட்கார்ந்திருந்தது, உள்ளே கழுத்துவரை திராட்சை, பதிலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தது.

தெரியாமல் செய்ததுதானே, தெரியாமல் செய்ததற்கு என்ன பழி, போய் நடந்ததைச் சொன்னால் சிரித்துவிடப் போகிறாள், என்று படிக்கட்டு ஏறினார். நாலாவது படியில் கால் நின்றது. தெரியாதா? உண்மையிலேயே தெரியாதா? ஐந்தாம் மாதம் கப்பலின் சீஃப் ஆபீசருக்கு வயிற்றுவலி வந்து ஊருக்கு அனுப்பினார்களே, அவர் பிய்ந்த ஷூவை எறிந்துவிட்டு ராயப்பனின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார், ஏறின பிறகுதான் ஞாபகம் வந்து கழற்றப் போனார், வேண்டாம் வேண்டாம் என்று கொட்டகையே சேர்ந்து கத்தியது, அவர் செருப்போடு போனார், எல்லோருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். அன்றைக்குக் கடையில் கித்தேரி, செருப்பக் கொண்டு போயிட்டாருல்லா, அந்த மனுஷன் ஒருநாள் இங்க வந்து நிப்பாரு பாருங்க, என்று சொன்னாள், இவர் அப்போது வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், கேட்டார், உம் என்றுகூடச் சொன்னார். கேட்டது எங்கே போயிற்று? மறந்துவிட்டது என்றால் மறந்துவிட்டதுதான், ஒன்பது மாதத்தில் ஆயிரம் பேச்சுக் கேட்கிறோம். ஆனால் மறந்தது ஏன் சரியாக நேற்று ராத்திரி புளியைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது மறந்திருக்க வேண்டும், தேய்க்கும்போது கை ஒருதரம் நின்றதே, விளக்கடியில் தூக்குவாளியைத் திருப்பிப் பார்த்து இதை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு நினைப்பு ஓடியதே, அதை ஏன் உதறினோம். அவள் கடையில் இல்லாததைப் பார்த்ததும் ஏன் நெஞ்சு லேசாயிற்று. வாயால் சொல்ல மாட்டாத வரமாட்டேனைப் பித்தளையை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறாய், திருட்டுப்பயலே, என்று அவர் தன்னையே திட்டினார், சத்தமாகத் திட்டிவிட்டார்போல, சிமெண்டு மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் என்ன அண்ணாச்சி என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். இல்லை, அப்படி இல்லை, தெரியாமல்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். கொக்கிபோட்ட சங்கிலிபோல இந்த இடத்துக்கே வந்து வந்து மாட்டியது, அதற்குமேல் நகர மாட்டேன் என்றது.

இரவலைத் திருப்பிக் கொடுப்பதில் அவருக்கு இருக்கிற வெறி சும்மா வந்தது இல்லை. மனைவி பேச்சியம்மாள் செத்தபோது அவர் வளைகுடாவில் ஒரு கப்பலில் இருந்தார், சேதி கிடைத்து வந்து சேர்வதற்குள் பதினோரு நாள் ஆயிற்று, அவள் முகத்தைப் பார்க்கவில்லை, குழி மேட்டைத்தான் பார்த்தார். கடைசியாகப் பார்த்தது பஸ் ஸ்டாண்டில், பஸ் வந்துவிட்டது, போயிட்டு வர்றேன் என்று சொல்லிக்கொண்டே ஏறினார், திரும்பிப் பார்த்துச் சொல்லவில்லை, ஜன்னல் சீட்டுப் பிடிக்கிற அவசரம். காரியம் முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி தயங்கித் தயங்கி வந்து நின்றாள், பேச்சி எங்க சல்லடையை வாங்கிட்டு வந்துச்சு என்றாள். எடுத்துக் கொடுத்தார். எதிர்வீட்டிலிருந்து இட்லித்தட்டுக்கு வந்தார்கள், அப்புறம் ஏணிக்கு, அப்புறம் குடத்துக்கு. யார் மேலும் தப்பில்லை, அவரவர் பொருள். ஆனால் ஒவ்வொன்றாகப் போகப் போக வீட்டில் பேச்சி குறைந்துகொண்டே போனாள், குடம் போன அன்று அவள் சுத்தமாகப் போய்விட்டாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தார், யாரும் தன் வாசலுக்கு வந்து எங்கள் பொருளைக் கொடு என்று கேட்கிறமாதிரி வைக்கக்கூடாது. அந்த முடிவை ஆறு வருஷமாகப் பெருமையாகச் சுமந்துகொண்டிருந்தார், கை சுத்தம், பாக்கி கிடையாது. லாஞ்சுத் துறையிலிருந்து துறைமுக வாசலுக்குப் பாதி வழியில், உப்பு மூட்டை லாரிக்கு ஒதுங்கி நின்றபோது, ஒன்று தட்டியது, சல்லடை வீட்டில் இருந்தவரைக்கும் பேச்சி இருந்தாள். கொடுத்துத் தீர்த்த பிறகுதான் இல்லை. கமுதியிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது, அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை, இந்த ஊரில் சொல்லி வைத்திருக்கிறார்கள். லாரி போயிற்று, அவர் நகரவில்லை, பின்னாலிருந்து சைக்கிள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சரி, போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒரு எண்ணம். அது இன்னும் அவள் கண்ணில் படாமல் இருந்தால் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம், ஒன்றும் நடக்காததுபோல. ஆனால் எடுத்துக்கொண்டு போனால் வருகிறேன் என்று ஆகிறதே, வரப்போகிறாயா? திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் என்ன சொல்வாள், போனில் நீங்களும் தூத்துக்குடிக்காரங்க மாதிரி லா போட்டுப் பேச ஆரம்பிச்சிட்டீங்கப்பா என்று சிரிக்கிறவள், இதைச் சொன்னால் சிரிப்பாளா? கித்தேரியின் ஆட்கள் என்ன சொல்வார்கள், அவள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், இவர் வருஷத்துக்கு ஒருதரம் கருப்பசாமிக்குக் கிடா வெட்டுகிறவர், ஒரு அடுப்பில் இரண்டு சட்டி வைக்கலாமே என்றால் யார் காதில் ஏறும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, அதைப் பத்து நாளாகத் தொடாமலே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடலில் போய் வராமல் போய்விட்டால்? சிட்டகாங் வரைக்கும் போகிற இந்தத் துருப்பிடித்த கப்பலின் இஞ்சினை நம்பி ஒரு பொம்பளைக்கு இரண்டாம் தரமும் அந்தக் காத்திருப்பைக் கொடுப்பதா? வரமாட்டேன் என்றால் இன்றோடு அழுது தீர்த்துவிடுவாள். நல்லதுக்குத்தான் என்று இப்படியும் சொல்லிக்கொள்ளலாம், கோழைத்தனத்துக்கு எத்தனை நல்ல சட்டை இருக்கிறது. வாட்சைப் பார்த்தார், இரண்டு இருபது. பார்த்துவிட்டு இரண்டடி வைத்து மறுபடி பார்த்தார், இரண்டு இருபதுதான். எங்கேயோ தோணியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், வெங்காய நெடியும் டீசலும் கருவாடும் கலந்த இந்த வாசம் முதல் நாள் குமட்டியது, இன்றைக்கு அதை நெஞ்சு நிறைய இழுத்து வைத்துக்கொள்ளத் தோன்றியது. எனக்கு இந்த இடம் வேண்டும் என்று அவர் நினைத்தார். யோசித்து நினைக்கவில்லை, அது பாட்டுக்கு வந்தது. எனக்கு இந்த இடம் வேண்டும், அவள் சட்டியில் தட்டுகிற சத்தம் வேண்டும்.

கடையின் முன்பலகை சாத்தியிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்தால் சாத்துவதுதான், ஆனால் இன்றைக்கு அதை ஒருதரம் தள்ளிப் பார்த்தார். பின்பக்கம் சுற்றிப் போனார், கதவு திறந்திருந்தது. கித்தேரி உள்ளே குனிந்து உட்கார்ந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பலகைமேல் தூக்குவாளி இல்லை. சுவரைப் பார்த்தார், பழைய ஆணியில் தொங்கியது, பதினோரு மாதத்துக்கு முன்னால் எங்கே இருந்ததோ அங்கே, மூடி சரியாக மூடி, இவர் ஊருக்கு வந்ததே இல்லை என்பதுபோல. திராட்சையைக் கண்ணாடிப் புட்டியில் மாற்றி வைத்திருந்தாள். இவர் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள், முகம் கழுவித் துடைத்த முகமாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. "வாங்க அண்ணாச்சி," என்றாள். "கெளம்பியாச்சா? திராட்சை நல்ல திராட்சை அண்ணாச்சி, எதுக்கு இவ்வளவு." ஆறு ஏழு மாதமாகக் காணாமல் போயிருந்த அண்ணாச்சி ஒரே மூச்சில் இரண்டு தரம் வந்தது. யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால்கூடப் பூவலிங்கம் தாங்கியிருப்பார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லத்தான் வந்தார், வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பழகினார், இப்போது அதைச் சொல்லக்கூடாது என்று பட்டது, அது பாதிப் பொய். ரெமீஜியுஸ் திருப்பிக் கொடுத்த டார்ச் லைட்டைப் பற்றிக் கேள்விப்பட்டேன் என்று சொல்லலாமா, அதுவும் கூடாது. தூரத்தில் பெர்க்மான்ஸ் லாஞ்சின் ஹாரனை ஒருதரம் அடித்தார். இருபத்தாறு வருஷம் எந்தத் துறைமுகத்திலும் எவரிடமும் ஒரு பொருளையும் வாய் திறந்து கேட்டதில்லை, கொடுத்ததை வாங்கியிருக்கிறார், கேட்டதில்லை. கேட்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. "அந்தத் தூக்குவாளி," என்றார், ஆணியைக் கை காட்டினார். "அந்தத் தூக்குவாளி எனக்கு இரவலா வேணும்."

கித்தேரி கையிலிருந்த துணியைப் பிழிந்தாள், தண்ணீர் முழுக்கப் போன பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள். கப்பலில் பாத்திரம் இல்லையா என்று கேட்டாள். நிறைய இருக்கிறது என்றார். பிறகு எதற்கு என்றாள். அவர் தரையைப் பார்த்தார், ஈரத்தில் தன் செருப்புச் சேறு பதிந்திருந்தது, அவள் இப்போதுதான் கழுவிய தரை. "திருப்பித் தரணும்ல," என்றார். "அதுக்குத்தான்." ஹாரன் இரண்டாம் தரமும் அடித்தது. அவள் அவசரப்படவில்லை, எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியிலிருந்து தூக்குவாளியை எடுத்தாள், மூடியைக் கழற்றினாள், அடுப்பில் மிச்சமிருந்த குழம்புச் சட்டியைச் சாய்த்து விளிம்புவரை ஊற்றினாள், இரண்டு சாளை மீன் உடையாமல் விழுகிறதா என்று பார்த்தாள். பிறகு மூடியை எடுத்தாள். அதைத் தூக்குவாளியில் வைக்கவில்லை, திரும்பிப் போய் ஆணியில் மாட்டினாள். பூவலிங்கம் மூடி, மூடி என்று கையைக் காட்டினார். "மூடி இங்கன கெடக்கட்டும்," என்றாள் கித்தேரி. அவள் கண் சிவந்திருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். "கொட்டாமக் கொண்டு போங்க. லாஞ்சு ஆடும்." அவ்வளவுதான் சொன்னாள், அண்ணாச்சி சொல்லவில்லை.

அவர் ஓடவில்லை, ஓடினால் தளும்பும், ஆனால் நடையும் நடையாக இல்லை. துறைக்கு வந்தபோது மூன்றேகால், பெர்க்மான்ஸ் திட்டுவதற்கு வாயைத் திறந்து, கையிலிருந்ததைப் பார்த்து மூடிக்கொண்டார். லாஞ்சுக்குள் ரேடியோ இருந்தது, அதன் பக்கத்தில் கேரம் போர்டு சாய்த்து வைத்திருந்தது, மழைக்கோட்டு மடித்துப் போட்டிருந்தது, யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. சீட்டில் உட்கார்ந்து தூக்குவாளியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, ஒரு கையால் வாளியின் காதைப் பிடித்து, மறு கையின் உள்ளங்கையால் அதன் வாயை மூடிக்கொண்டார், குழம்புச் சூடு கையில் ஏறியது. லாஞ்சு நகர்ந்தது. துறைமேடையில் சுமைகாரர்கள் வரிசையாக வந்து நின்றார்கள், ராயப்பன் தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றினார், சம்மனசு ஐஸ் பாக்டரிக் கேட்டிலிருந்தே கையை ஆட்டினார், அவர்களுக்குப் பின்னால் துறைமுக வாசலில் ஒரு புடவை தெரிந்தது, அது அவள்தானா என்று பார்க்கக் கண்ணைச் சுருக்கினார், காற்றும் தண்ணீரும் விடவில்லை. முதல் அலை தூக்கிப் போட்டது, விரலிடுக்கில் குழம்பு கசிந்து மணிக்கட்டு வழியாக ஓடியது, அவர் கையை இன்னும் இறுக்கினார். "எல்லாரும் நிக்காவ, ஒரு கையக் காட்டுங்க அண்ணாச்சி," என்றார் பெர்க்மான்ஸ், திரும்பாமல்.

"கொட்டிரும்லா," என்றார் பூவலிங்கம்.